சோணையில் மாட்டாதீர்கள்: காதுவழி வேகஸ் தூண்டலுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

காதில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தி வேகஸ் என்ற நரம்பைத் தூண்டும் கருவி ஒன்றை வாங்கிய முதல் இரண்டு வாரம் அதைக் காதுச் சோணையில்தான் மாட்டிக்கொண்டிருந்தேன். கம்மல் போடும் இடம். கிளிப் நழுவாமல் நிற்கிறது, வலிக்கவும் இல்லை. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கால் மணி நேரம் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடி உட்காருவேன். காதில் மெல்லக் குறுகுறுக்கும். தூக்கம் நன்றாக வருகிறது என்று வீட்டில் பெருமை வேறு. பிசியோதெரபி பார்க்கும் நண்பர் ஒருவர் வந்தபோது ஆர்வமாக மாட்டிக் காட்டினேன். பார்த்ததும் சிரித்துவிட்டார். “அண்ணே, ஆராய்ச்சியில சும்மா ஒப்புக்கு மாட்டுற இடம்ணே அது!”

அவர் சொன்னது சரி. காதுவழி நரம்புத் தூண்டல் ஆய்வுகளில் ஒரு குழுவுக்கு உண்மையான இடத்திலும், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவுக்குச் சோணையிலும் மின்னோட்டம் கொடுப்பார்கள். சோணையின் உணர்ச்சி கழுத்துத் தண்டுவடத்திலிருந்து வரும் வேறொரு நரம்பின் வழியாகப் போகிறது. நாம் தேடும் வேகஸ் நரம்பு அங்கே இல்லை. அப்படியென்றால் எனக்கு வந்த தூக்கம்? கைபேசியைத் தூர வைத்துவிட்டுக் கால் மணி நேரம் சும்மா இருந்ததற்குக் கிடைத்த கூலியாக இருக்கலாம். இந்தக் கேள்வியைக் கடைசியில் மறுபடி எடுக்கிறேன்; அதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு.

எந்த நரம்பு, ஏன் காது

மூளையிலிருந்து நேரடியாகப் புறப்படும் 12 ஜோடி நரம்புகளில் 10ஆவது வேகஸ். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு ‘அலைவது’ என்று பொருள். பெயருக்கேற்ப மூளைத்தண்டில் கிளம்பி, கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று ஊர் சுற்றுகிறது. மூளையிலிருந்து கட்டளையைக் கீழே கொண்டு போவதுதான் அதன் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் உடம்பின் சேதியை மேலே கொண்டு போகிறவை. அதனால்தான் கீழே ஓர் இடத்தில் தட்டினால் மேலே மூளையில் ஏதாவது அசையுமா என்ற யோசனையே வந்தது.

இந்த நரம்பு தோலுக்கு வந்து எட்டிப் பார்க்கும் ஒரே இடம் காது. 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் உடற்கூறியலாளர் ஃப்ரீட்ரிக் ஆர்னால்டின் பெயரால் அந்தக் கிளையை ஆர்னால்டு நரம்பு என்கிறார்கள். பட்ஸ் வைத்துக் காது குடையும்போது சிலருக்குத் திடீரென்று இருமல் வரும். காதைத் தொட்டால் தொண்டை ஏன் இருமுகிறது? இந்தக் கிளைதான் காரணம். (பட்ஸால் குடையாதீர்கள் என்பது தனிக் கதை.)

கழுத்தில் அறுவை செய்து வேகஸ் நரம்பைச் சுற்றிக் கம்பி பொருத்தித் தூண்டும் சிகிச்சை முதலில் வந்தது. வலிப்பு நோய்க்காக, மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. 1997ல் அதை அனுமதித்தது. மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்கு 2005ல். கத்தி வைக்காமல் காது வழியாகவே அதைச் செய்ய முடியாதா என்ற கேள்வி 2000 வாக்கில் மருத்துவ இதழ்களில் எழுந்தது. 2010ல் ‘நெமோஸ்’ என்ற ஜெர்மன் காதுக் கருவிக்கு ஐரோப்பாவில் விற்பதற்கு வேண்டிய சி.இ. முத்திரை கிடைத்தது. கையடக்கப் பெட்டி ஒன்று, அதிலிருந்து ஒரு ஒயர், முனையில் இயர்போன் போல ஒரு காதுத்துண்டு. இன்று கடையில் கிடைக்கும் பலவும் அந்த அச்சில் வந்தவைதான்.

எதிர்பார்ப்பை எங்கே வைப்பது

விளம்பரம் பார்த்தால் தூக்கம், பதற்றம், ஜீரணம், ஞாபகசக்தி, மூட்டுவலி என்று சர்வரோக நிவாரணிதான். ஆய்வு நிலவரம் அவ்வளவு தாராளமாக இல்லை. அதற்காக ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகக் குழு 2020ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. விட்டுவிட்டு வரும் இதயத் துடிப்புக் கோளாறு உள்ள 53 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்குக் காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் ட்ராகஸ் என்ற இடத்தில், மறு பாதிக்குச் சோணையில், தினம் 1 மணி நேரம், 6 மாதம். முடிவில் ட்ராகஸ் குழுவின் கோளாறு நேரம் மற்றக் குழுவைவிட 85 சதவீதம் குறைவாக இருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் ஒழுங்காகச் செய்த ஆய்வு.

இதற்கு எதிர்த் திசையில் ஒரு வேடிக்கை. நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு ஜெர்மனியில் நடந்து 2015ல் வெளியான ஆய்வில், ஒரு குழுவுக்கு நொடிக்கு 25 மின் துடிப்பு. இன்னொரு குழுவுக்கு ஒப்பீட்டுக்காக நொடிக்கு 1 துடிப்பு. 25தான் ஜெயிக்கும் என்று நினைத்திருப்பார்கள். நடந்தது வேறு. 28 நாளுக்கு எத்தனை தலைவலி நாள் என்று எண்ணியபோது, 1 துடிப்புக் குழுவுக்கு 7 நாள் குறைந்திருந்தது, 25 துடிப்புக் குழுவுக்கு 3 நாள் சொச்சம்தான். கூடக் கொடுத்தால் கூடக் கிடைக்கும் என்று நினைக்கும் நம் கணக்கு இங்கே செல்லாது.

ஓபியாய்டு வகைப் போதை மருந்தை நிறுத்தும்போது வரும் உடல் அவதிக்கு, காதைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும் ‘ஸ்பாரோ’ என்ற கருவிக்கு எஃப்.டி.ஏ. 2021ல் ஒப்புதல் தந்தது. ஆனால் ஒரு நோய்க்கு ஒரு கருவி பெற்ற ஒப்புதல், இன்னொரு கருவிக்கும் இன்னொரு நோய்க்கும் தானாகத் தாவாது. விற்பவர்கள் தாவ விடுவார்கள்.

வாங்கும் முன்

முதலில் யார் தொடக்கூடாது என்பதைப் பார்த்துவிடுவோம். பேஸ்மேக்கர், இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்க உள்ளே வைத்த கருவி, காக்ளியர் இம்பிளாண்ட் (காது கேட்க உள்ளே பொருத்தும் கருவி), ஏற்கெனவே கழுத்தில் பொருத்திய வேகஸ் கருவி ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் இந்தப் பக்கமே வராதீர்கள். நாடித்துடிப்பு மிகக் குறைவாக இருப்பவர்கள், இதயத்தின் மின்கடத்தலில் தடை (ஹார்ட் பிளாக்) இருப்பதாக ஈ.சி.ஜி.யில் சொல்லப்பட்டவர்கள், அடிக்கடி மயங்கி விழுகிறவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு நோயாளிகள் ஆகியோர் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. காதில் புண், சீழ், சொறி இருந்தால் ஆறும்வரை பொறுங்கள். பிள்ளைகளுக்கு வீட்டில் மாட்டிப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

அப்புறம் கருவி. சந்தையில் ஒன்றுபோலவே தோன்றும் மூன்று வகை இருக்கிறது. புதியவர்கள் குழம்புவது இங்கேதான்.

ஒரு காதின் மடலுக்குள் இரண்டு மின்முனைகள் உட்காரும் வகை அல்லது ட்ராகஸைக் கவ்வும் வகைதான் நாம் பேசுவது. இரண்டு காதுச் சோணைகளிலும் ஆளுக்கொரு கிளிப் மாட்டும் வகை வேறு. அதில் மின்னோட்டம் ஒரு காதிலிருந்து தலை வழியாக மறு காதுக்குப் போகிறது. அதன் நோக்கமும் வேறு, கணக்கும் வேறு. கழுத்தில் வைத்து அழுத்தும் ‘காமாகோர்’ போன்ற கருவிகளும் வேகஸைத்தான் தேடுகின்றன, ஆனால் காது வழியாக அல்ல.

இதைத் தவிர ஒரு குறுக்கு வழியையும் சிலர் சொல்வார்கள்: முட்டிவலிக்கு வைக்கும் டென்ஸ் மெஷினோடு ஒரு காதுக் கிளிப்பை இணைத்துக்கொண்டால் போதும், பத்தில் ஒரு பங்கு விலை. எனக்கு இதில் சம்மதமில்லை. முதுகுக்கும் தொடைக்கும் செய்த அந்த மெஷின்களில் பல 80, 100 மில்லி ஆம்பியர்வரை போகும். காதுக்குப் பெரும்பாலும் வேண்டியது ஒன்றோ இரண்டோ. காவிரித் தண்ணீரைச் சங்கில் பிடிக்கிற கதை. குமிழை ஒரு மயிரிழை கூடத் திருகினால் காது சுட்டுவிடும். 0.1 மில்லி ஆம்பியர் படியாக ஏற்றி இறக்க முடியாத எந்தக் கருவியையும் காதில் வைக்காதீர்கள்.

லேபிளைப் படியுங்கள். ‘வெல்னஸ் சாதனம்’ என்று மட்டும் போட்டிருந்தால் எந்த நோய்க்கும் அது மருத்துவச் சாதனமாகப் பரிசோதிக்கப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் மருத்துவச் சாதனங்கள் 2017ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகளின் கீழ் வருகின்றன. வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் பெயரும் உரிம எண்ணும் பெட்டியில் அச்சாகியிருக்க வேண்டும். கேட்டால் விற்பவர் பேச்சை மாற்றினால், நாமும் கடையை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். இன்னொரு சின்ன விஷயம்: மாற்று மின்முனை உறைகளோ ஒட்டுப் பட்டைகளோ தனியாகக் கிடைக்கிறதா, என்ன விலை என்று முதலிலேயே கேளுங்கள். பிரின்டர் மலிவு, மை விலை என்கிற வியாபாரம் இங்கேயும் உண்டு.

இடம் கண்டுபிடிப்பது

கண்ணாடி முன் நின்று இடது காதைப் பாருங்கள். இடது ஏன்? வலப்பக்க வேகஸ் இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் கணுவுக்கு அதிகம் போகிறது. அதனால் முன்னெச்சரிக்கையாக இடது காதிலிருந்து தொடங்குவதே வழக்கமாகிவிட்டது. வலது காதில் செய்த ஆய்வுகளும் உண்டு. வீட்டில் தனியாகத் தொடங்குகிறவர்களுக்கு இடதே போதும்.

ஆள்காட்டி விரலைக் காதுத் துளையில் வைத்து, மெல்ல மேலே நகர்த்துங்கள். குறுக்கே ஒரு வரப்பு தட்டும். மடலின் வெளி விளிம்பு உள்ளே வளைந்து வந்து முடிகிற வரப்பு அது. அதைத் தாண்டினால் மேலே ஒரு சின்னப் பள்ளம், விரல் நுனி பாதிதான் நுழையும். அதுதான் சிம்பா கான்கா. 14 காதுகளை அறுத்துப் பார்த்து ஜெர்மன் உடற்கூறியலாளர்கள் 2002ல் வெளியிட்ட ஆய்வில், எல்லாக் காதுகளிலும் அந்தப் பள்ளத்துக்கு வேகஸ் மட்டுமே வந்திருந்தது. வரப்புக்குக் கீழே துளையை ஒட்டிய பெரிய குழியிலும், ட்ராகஸிலும், பாதிக்குச் சற்றுக் குறைவான காதுகளில்தான் வேகஸ் தனியாக இருந்தது. மற்றவற்றில் வேறு நரம்பு, அல்லது கலப்பு.

ட்ராகஸ் என்பது துளைக்கு முன்னால், கன்னத்தை ஒட்டி, கதவுபோல நிற்கும் சின்னக் குருத்தெலும்பு. சத்தம் தாங்காமல் காதைப் பொத்தும்போது விரலால் அழுத்துவோமே, அது. மாட்டுவதற்குச் சுலபம். ஓக்லஹோமா ஆய்வு நடந்ததும் அங்கேதான். இரண்டில் எது என்பதைப் பெரும்பாலும் கருவியின் வடிவமே முடிவு செய்துவிடும். எனக்குச் சிம்பாதான் பிடித்திருக்கிறது, ஆனால் காதுத்துண்டு சரியாக உட்கார ஒரு வாரம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

“அப்போ காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டால் வேகஸ் தூண்டப்படுமா?” இதை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. பிடிப்பது சோணையை. ஆகவே காது வழியாக வேகஸுக்கு ஒன்றும் போகாது. உட்கார்ந்து எழுவதன் பலன் உண்டு. பிள்ளையாரோடு எனக்கு வழக்கு எதுவும் இல்லை.

தோலைத் தயார் செய்வது

இந்த வேலையில் பாதி வெற்றி இதில்தான். யாரும் சொல்வதில்லை.

ஒரு சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு மாட்டினேன். வழக்கமாக 0.8 மில்லி ஆம்பியரில் தெரியும் குறுகுறுப்பு 1.5 தாண்டியும் தெரியவில்லை. கருவி போய்விட்டது என்று நினைத்து இன்னும் ஏற்றப் போனேன். சட்டென்று ஊசி குத்தியது போல ஒரு சுருக்கு; காதுத்துண்டைப் பிடுங்கி எறிந்தேன். பிறகு ஈரத் துணியால் மடலைத் துடைத்துப் பார்த்தால் அந்தப் பள்ளத்தில் நல்லெண்ணெய் பளபளவென்று குளமாக நிற்கிறது. சீயக்காய் தலைக்குப் போகும், காதுப் பள்ளத்துக்கு யார் தேய்க்கிறார்கள்?

நடந்தது இதுதான். ஒழுங்கான கருவிகள் நாம் சொன்ன அளவு மின்னோட்டத்தை எப்படியாவது செலுத்தப் பார்க்கும். தோலில் எண்ணெய், அழுக்கு, முடி என்று தடை கூடினால், கருவி மின்னழுத்தத்தை ஏற்றும். மின்முனை முழுசாகப் பதியாமல் ஓரம் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால், மொத்த மின்னோட்டமும் அந்த ஊசிமுனை அளவு இடத்தில் நுழையும். அந்தச் சுருக்கு அளவு கூடியதால் வருவதைவிடத் தொடுகை கெட்டதால் வருவதே அதிகம்.

ஆகவே: மடலின் உட்புறத்தை ஆல்கஹால் பஞ்சாலோ சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியாலோ துடைத்து, காய விடுங்கள். பிறகு மின்முனைக்குத் தகுந்ததை வையுங்கள். பஞ்சு உறை என்றால் உப்புநீரில் நனைத்துப் பிழிந்து வைக்க வேண்டும், சொட்டக் கூடாது. உலோக முனை என்றால் ஈ.சி.ஜி. எடுக்கும்போது தடவும் கடத்து ஜெல் ஒரு கடுகளவு. அதிகம் பூசினால் இரண்டு முனைகளுக்கும் நடுவில் ஜெல் பாலம் கட்டி, மின்னோட்டம் தோலுக்குள் போகாமல் மேலேயே ஓடிவிடும். ஒட்டுப் பட்டை என்றால் எதுவும் தேவையில்லை, ஒட்டும் தன்மை போனதும் மாற்றிவிடுங்கள்.

மாட்டல், கொப்பு, ஜிமிக்கி எதுவாக இருந்தாலும் அந்தக் காதிலிருந்து கழற்றுங்கள். உலோகம் மின்முனையைத் தொட்டால் வம்பு. தாத்தாக்களுக்கு ட்ராகஸில் முடி அடர்ந்திருக்கும். கத்தரியால் நறுக்கிவிட்டால் போதும், ரேசர் போட்டு அன்றைக்கே மாட்டினால் எரியும்.

உங்கள் அளவைக் கண்டுபிடிப்பது

கருவியை அணைத்து வைத்தே மாட்டுங்கள். மாட்டிய பிறகுதான் இயக்க வேண்டும், அதுவும் 0 விலிருந்து. உட்கார்ந்தோ சாய்ந்தோ இருங்கள். வண்டி ஓட்டும்போதும், குளியலறையிலும், அடுப்பின் முன்னாலும் கூடாது. முதல் சில நாட்கள் வீட்டில் இன்னொருவர் இருக்கட்டும்.

என் நோட்டில் ஒரு நாள் எழுதியதை அப்படியே சொல்கிறேன். 0.1, 0.2 என்று ஏற்றிக்கொண்டே போனேன். 0.9ல் முதன்முதலாக ஏதோ தெரிந்தது, எறும்பு ஊர்வது போல. மேலே 1.5ல் தெளிவான குறுகுறுப்பு. 2.2ல் சுருக்கென்று குத்தியது. நிறுத்தி, அதே வழியில் இறங்கினேன். 2.0ல் குத்தல் போய்விட்டது. 0.7ல் குறுகுறுப்பு சுத்தமாக மறைந்தது. ஏறும்போதும் இறங்கும்போதும் வந்த எண்களைச் சராசரி போட்டால், உணரத் தொடங்கும் அளவு 0.8, குத்தத் தொடங்கும் அளவு 2.1.

இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது? ஆய்வாளர்களிடையே ஒருமித்த பேச்சு இல்லை. இரண்டுக்கும் நடுப்புள்ளி என்பது ஒரு வழக்கம். எனக்கு அது 1.45. குத்தும் அளவுக்கு 1 மில்லி ஆம்பியர் கீழே என்றது ஓக்லஹோமா குழு, எனக்கு 1.1. உணரும் அளவைப்போல் இரு மடங்கு என்பது அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் ஆய்வகத்தின் வழக்கம், எனக்கு 1.6. மூன்றில் சின்ன எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. வலி இருக்கவே கூடாது. வலி என்றால் உடம்பு விழித்துக்கொள்ளும், பதறும். அமைதியைத் தேடி மாட்டிய கருவிக்கு அது நேர் எதிரான வேலை.

அடுத்த நாள் இதே எண் வராது. குளித்த காது, வியர்த்த காது, ஏ.சி.யில் உலர்ந்த காது எல்லாம் வேறு வேறு. அதனால் ஒவ்வொரு முறையும் இந்த ஏற்ற இறக்கத்தைச் செய்யுங்கள். பழகிவிட்டால் இரண்டு நிமிட வேலை. ‘உங்க செட்டிங் என்ன, நானும் அதையே வைக்கிறேன்’ என்று யாராவது கேட்டால் சொல்லாதீர்கள். அடுத்தவர் மூக்குக் கண்ணாடியைக் கேட்பது போலத்தான் அதுவும்.

உட்கார்ந்த ஐந்தாறு நிமிடத்தில் குறுகுறுப்பு மங்கும். தோல் பழகிவிட்டது, அவ்வளவுதான், கருவி நின்றுவிடவில்லை. ஒருமுறை 0.1 ஏற்றலாம். மங்க மங்க ஏற்றிக்கொண்டே போவது கூடாது.

துடிப்பு எண்ணிக்கை, துடிப்பின் அகலம் போன்றவற்றை மாற்ற வசதி இருந்தாலும் முதல் மாதம் தொடாதீர்கள். நொடிக்கு 20 அல்லது 25 துடிப்பு, ஒவ்வொன்றும் 200 முதல் 250 மைக்ரோநொடி என்பதே பல ஆய்வுகளில் காணும் அளவு. 30 நொடி ஓட்டம், 30 நொடி ஓய்வு என்று மாறி மாறி வரும் கருவிகளும் உண்டு. நடுவில் நின்றுபோனால் பழுது என்று பதற வேண்டாம்.

எவ்வளவு நேரம்? வலிப்பு, தலைவலி ஆய்வுகளில் தினம் 4 மணி நேரம்கூடப் போட்டிருக்கிறார்கள். நமக்கு அது ஆகாத காரியம். முதல் வாரம் 10 நிமிடம், பிறகு 15, தோல் சிவக்காமல் இருந்தால் அரை மணி. கழற்றும்போது அளவை 0 வுக்கு இறக்கி, அணைத்து, பிறகு கழற்றுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் அந்தச் சுருக்கு மறுபடி வரும்.

‘உங்களுக்கென்றே வடிவமைத்தது’ என்றால் என்ன

பெட்டியில் இந்த வாசகம் இருந்தால் கூடுதல் விலை இருக்கும். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் சில விஷயங்கள்தான்.

ஒன்று, மேலே நாம் கையால் செய்த அதே அளவுகோல் வேலையைச் செயலி படிப்படியாகக் கேட்டுச் செய்வது. வசதிதான், மந்திரம் ஒன்றும் இல்லை. இன்னொன்று, காதின் அச்சுக்கேற்ற காதுத்துண்டு. இதற்கு நான் மதிப்புக் கொடுப்பேன். கைரேகை போலவே காதுப் பள்ளமும் ஆளுக்கு ஆள் வேறு. குறைந்தது மூன்று அளவு சிலிக்கான் துண்டுகளாவது பெட்டியில் இருக்க வேண்டும். எனக்குச் சின்ன அளவு பொருந்திய பிறகுதான் சுருக்குத் தொல்லை ஒழிந்தது.

மூன்றாவதுதான் சுவாரஸ்யமானது: உடம்பின் தாளத்தோடு சேர்ந்து துடிப்பை விடுவது. வேகஸின் சேதியை வாங்கும் மூளைத்தண்டு மையம் மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆகவே மூச்சு விடும் நேரத்தில் மட்டும் தூண்டினால் என்ன என்று பாஸ்டன் பக்கத்து ஆய்வாளர்கள் பல வருடங்களாகச் சோதித்து வருகிறார்கள். சார்ல்ஸ்டனில் இன்னும் நெகிழ வைக்கும் ஒரு முயற்சி. குறைமாதத்தில் பிறந்தோ பிறக்கும்போது மூளை பாதிக்கப்பட்டோ, பால் சப்பத் தெரியாமல் குழாய் வழியாக உண்ணும் குழந்தைகள் 14 பேருக்கு, சப்பி விழுங்கும் நேரம் பார்த்துக் காதில் தூண்டல் கொடுத்தார்கள். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் வாயாலேயே முழுப் பாலையும் குடிக்கத் தொடங்கின. 2020ல் வெளிவந்த ஆரம்ப ஆய்வு அது; ஒப்பீட்டுக் குழு கிடையாது. அது மருத்துவமனைக்குள் நடக்கும் வேலை, வீட்டில் யாரும் முயலக் கூடாது. ஆனால் ‘ஆளுக்கேற்ற தூண்டல்’ என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பு மாறுபாட்டை (அடுத்தடுத்த துடிப்புகளின் இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்ற எண்ணை) வைத்துத் தானே அளவை மாற்றிக்கொள்ளும் என்று சொல்லும் செயலிகளிடம் மட்டும் கொஞ்சம் எட்டியே நில்லுங்கள். ஆய்வுகளைத் திரட்டி 2021ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, காதுத் தூண்டலால் அந்த எண் மாறுவதற்குச் சான்று இல்லை, மாறாது என்பதற்கே சான்று இருக்கிறது என்றது. தூண்டலோடு அசையாத முள்ளைப் பார்த்துக் கருவி எதைச் சரிசெய்யப் போகிறது?

நோட்டும், சோணை வாரமும்

40 பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, இடம், உணர்ந்த அளவு, வைத்த அளவு, எத்தனை நிமிடம். பக்கத்திலேயே நீங்கள் எதற்காகத் தொடங்கினீர்களோ அது: தலைவலி வந்ததா, ராத்திரி எத்தனை முறை விழித்தீர்கள், மாத்திரை போட்டீர்களா. ஒரே ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுங்கள். பத்தை எழுதினால் ஏதாவது ஒன்று தற்செயலாக நன்றாகத்தான் இருக்கும், மனம் அதைப் பிடித்துக்கொள்ளும். கருவி வாங்குவதற்கு முந்தைய இரண்டு வாரக் கணக்கும் இருந்தால் தங்கம். மருத்துவர் எழுதிய மாத்திரையைக் கருவியை நம்பி நீங்களாக நிறுத்தாதீர்கள். குறைக்க வேண்டுமென்றால் நோட்டை எடுத்துக்கொண்டு அவரிடமே போங்கள்.

ஆரம்பத்தில் சொன்ன சோதனை இதுதான். இரண்டு வாரம் சரியான இடத்தில். அடுத்த இரண்டு வாரம் அதே நாற்காலி, அதே நேரம், அதே குறுகுறுப்பு, ஆனால் சோணையில். அப்புறம் மறுபடி சரியான இடத்தில். எங்கே மாட்டியிருக்கிறோம் என்று நமக்கே தெரியும் என்பதால் இது ஆய்வகத் தரத்துக்கு வராது, ஆனால் ஒன்றுமே ஒப்பிடாமல் இருப்பதற்கு இது எவ்வளவோ தேவலை. என் கருவியில் கிளிப், காதுத்துண்டு இரண்டும் உண்டு. காதுத்துண்டு மட்டும் வைத்திருப்பவர்களுக்குச் சோணையில் மாட்ட வழியிருக்காது. அவர்கள் மாட்டாமலே அதே நேரம் சாய்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

நிறுத்த வேண்டிய நேரம்

லேசான சிவப்பு, அரிப்பு, கொஞ்சம் தலைவலி ஆகியவை பலருக்கு வருகிறவை. இரண்டு நாள் இடைவெளி விட்டு, தோல் தெளிந்ததும் அளவைக் குறைத்துத் தொடரலாம். கொப்புளம், தீய்ந்த புள்ளி, தலைசுற்றல், நெஞ்சுப் படபடப்பு, துடிப்பு தவறுவது போன்ற உணர்வு, கண் இருட்டுவது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றோடு நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். கருவியையும் கையில் எடுத்துப் போங்கள். ‘காதில் கரண்ட்’ என்று வாயால் சொன்னால் அவருக்கு என்ன புரியும்?

ஆறேழு வாரத்தில் நோட்டில் எந்த மாற்றமும் இல்லையென்றால் விட்டுவிடலாம். விலை கொடுத்தாயிற்றே என்று தொடர்வதில் அர்த்தமில்லை.

என் நோட்டைப் பொறுத்தவரை, தூக்கம் சோணை வாரத்திலும் அதே அளவுதான். ஆகவே தூக்கத்துக்கு நாற்காலி மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டேன், கைபேசி இன்னும் அடுத்த அறையில்தான் தூங்குகிறது. தலைவலிக் கணக்கில் ஏதோ இருப்பது போலத் தெரிகிறது, இல்லாதது போலவும் தெரிகிறது. 11ஆவது வாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வாரம் மறுபடி சோணை.